கட்டைவிரலில் குறை இருந்தால் இதயத்துக்கு ஏன் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் பெண் குழந்தைக்கு இடது கைக் கட்டைவிரல் மெலிந்து, மற்ற விரல்களோடு ஒரே வரிசையில் ஒட்டினாற்போல் இருக்கிறது என்றும், அதைப் பார்த்த குழந்தை மருத்துவர் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார் என்றும், அதில் மேலறைகளுக்கு இடையே உள்ள சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம், அத்தை மகனைத் திருமணம் செய்துகொண்டதால் வந்ததா, கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் சொல்வது உண்மையா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து வரும்போது மருத்துவர்கள் முதலில் நினைப்பது ஹோல்ட்-ஓரம் சிண்ட்ரோம் என்னும் மரபுவழிக் குறைபாட்டைத்தான். ஆகவே அதை மையமாக வைத்தே பதில் சொல்கிறேன்.

கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் பெரும்பாலும் கரு உருவாகும் நாளிலேயே அதற்குள் இருக்கிறது. கர்ப்பமான பிறகு நீங்கள் செய்த எதுவும், செய்யாமல் விட்ட எதுவும் அதை உண்டாக்கவில்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். குழந்தையைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் தாய் பழியைச் சுமந்துகொண்டிருக்கக் கூடாது.

1960ஆம் ஆண்டு லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த மேரி ஹோல்ட், சாமுவேல் ஓரம் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக, மேலறைச் சுவரில் ஓட்டையும் கட்டைவிரலில் குறையும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. கட்டைவிரல் எதிர்ப்புறமாகத் திரும்பாமல் மற்ற விரல்களின் தளத்திலேயே இருந்தது; அதன் நுனி எலும்பு உள்நோக்கி வளைந்திருந்தது. அவர்கள் எழுதியதும் உங்கள் குழந்தையின் கையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்தக் குறைபாட்டுக்கு அவர்கள் இருவரின் பெயர்களே நிலைத்துவிட்டன.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கையில் உள்ள குறை இதயத்தைக் கெடுப்பதில்லை, இதயத்தில் உள்ள ஓட்டையும் கையைக் கெடுப்பதில்லை. கருவில் இரண்டு உறுப்புகளும் ஏறக்குறைய ஒரே வாரங்களில், அடுத்தடுத்த இடங்களில், ஒரே மரபணுவின் கட்டளையை நம்பி உருவாகின்றன. அந்த மரபணு பாதியளவே வேலை செய்தால் இரண்டு இடத்திலும் குறை விழுகிறது.

கருவுற்ற 22ஆம் நாளையொட்டி, இன்னும் ஒரு குழாயாக மட்டுமே இருக்கும் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அதற்கு நான்கைந்து நாள் கழித்து, உடலின் இரு பக்கங்களிலும் சிறு மேடுகளாகக் கை அரும்புகள் தலைகாட்டுகின்றன. கால் அரும்புகள் அவற்றுக்கு ஓரிரு நாள் பிந்தியே வருகின்றன. எட்டாம் வாரம் முடிவதற்குள் இதயக் குழாய் வளைந்து, நான்கு அறைகளாகப் பிரிந்து, இடைச்சுவர்கள் எழும்பிவிடுகின்றன. கையிலும் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. தனக்குள் ஒரு கரு வளர்கிறது என்பதைப் பல தாய்மார்கள் அறிந்து, முதல் ஸ்கேனுக்குப் போய் வருவதற்குள் இந்த வேலைகளில் பெரும்பகுதி முடிந்திருக்கும். இடத்தைப் பார்த்தாலும் இதே நெருக்கம்தான். இதயமும் கையின் எலும்புகளும் உருவாகும் செல்கள் கருவின் பக்கவாட்டில் ஓடும் ஒரே நடுப்படைத் திசுவிலிருந்து வருகின்றன. அந்தப் பட்டையின் முன்பகுதி இதயத்துக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்குப் பின்னால் வரும் பகுதி கைக்கு ஒதுக்கப்படுகிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினோயிக் அமிலம் இந்த எல்லையை நிர்ணயிப்பதில் பங்கேற்கிறது. வரிக்குதிரை மீன் கருவில் அந்த அமிலம் கிடைக்காமல் செய்தால், இதயத்துக்கான பகுதி அளவுக்கு மீறி விரிகிறது, நம் கைகளுக்கு இணையான முன்துடுப்புகள் உருவாகாமலே போகின்றன. இரண்டு உறுப்புகளும் எவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டுக்காரர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தப் பொது மரபணுவை 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்தது, மற்றொன்று இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்தது. 12ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ள அந்த மரபணுவுக்கு டிபிஎக்ஸ்5 என்று பெயர். இது பெரிய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது. 1927இல் பாரிஸில் நாடின் டோப்ரோவோல்ஸ்காயா-ஜவாட்ஸ்காயா என்ற பெண் விஞ்ஞானி, வால் குட்டையாகப் பிறக்கும் எலிகளில் கண்டறிந்த 'டி' மரபணுதான் இந்தக் குடும்பத்தில் முதலில் அறியப்பட்டது. எலியின் வாலைப் பற்றிய ஆராய்ச்சி எழுபது ஆண்டுகள் கழித்து மனிதக் குழந்தையின் இதயத்தை விளங்கிக்கொள்ள உதவியது. பயன் என்ன என்று உடனே கேட்காமல் அடிப்படை ஆராய்ச்சிக்கு இடம் தர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இத்தகைய வரலாறுகளே காரணம்.

டிபிஎக்ஸ்5 தானாக எலும்பையோ இதயச் சுவரையோ கட்டுவதில்லை. அது தயாரிக்கும் புரதம் டிஎன்ஏ-யில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஒரே மேஸ்திரி பக்கத்துப் பக்கத்து மனைகளில் இரண்டு வீட்டு வேலையை மேற்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் வேறு, கட்டடமும் வேறு, ஆனால் மேஸ்திரி பாதி நாள் வராவிட்டால் இரண்டு வேலையும் கெடும். கை அரும்பில் அந்தப் புரதம் எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை எழுப்புகிறது. அது அரும்பின் நுனித் தோலில் எஃப்ஜிஎஃப்8 என்ற சமிக்ஞையைத் தூண்டுகிறது. இவை ஒன்றையொன்று ஊக்குவித்துக்கொண்டே அரும்பை வெளிநோக்கி வளர்க்கின்றன. எலிக்கருவில், கை உருவாகும் பகுதியில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது முன்னங்கால்கள் அடியோடு உருவாகவில்லை. பின்னங்கால்கள் மட்டும் சரியாக வளர்ந்தன. பின்னங்கால்களில் அதன் உறவுக்கார மரபணுவான டிபிஎக்ஸ்4 வேலை செய்வதுதான் அதற்குக் காரணம். ஹோல்ட்-ஓரம் சிண்ட்ரோமில் கால்கள் பாதிக்கப்படாததும் இதனால்தான். மருத்துவர் உங்கள் குழந்தையின் பாதங்களையும் இடுப்பையும் கவனமாகப் பார்த்திருந்தால் இதற்காகவே பார்த்திருப்பார். காலிலும் குறை இருந்தால் அது வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதயத்தில் இதே புரதம் தனியாக இயங்குவதில்லை. என்கேஎக்ஸ்2-5, காட்டா4 என்ற இரு புரதங்களோடு கைகோத்துக்கொண்டு மேலறைச் சுவரையும் கீழறைச் சுவரையும் மின்னோட்டப் பாதைகளையும் உருவாக்குகிறது. 2001இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் இல்லாத எலிகளுக்கு மனிதர்களுக்கு வருவது போலவே மேலறைச் சுவரில் ஓட்டையும் மின்னோட்டத் தாமதமும் வந்தன. இரண்டு பிரதிகளும் இல்லாத கருக்கள் கர்ப்பத்தின் நடுவிலேயே இறந்தன. இந்தக் கூட்டணி வேறொன்றையும் விளக்குகிறது. என்கேஎக்ஸ்2-5 மரபணு மாறியிருப்பவர்களுக்கு மேலறை ஓட்டையும் மின்னோட்டத் தடையும் வருகின்றன, ஆனால் கைகள் இயல்பாக இருக்கின்றன. காட்டா4 மரபணு மாறிய குடும்பங்களிலும் இடைச்சுவர் ஓட்டைகள் வருகின்றன. 2003இல் வெளியான ஆய்வு, அத்தகைய மாற்றம் ஒன்று காட்டா4 புரதத்துக்கும் டிபிஎக்ஸ்5 புரதத்துக்கும் இடையிலான பிணைப்பையே கெடுத்துவிடுவதைக் காட்டியது. இதயத்தில் மூவரும் சேர்ந்து செய்யும் வேலையில் யார் குறைந்தாலும் சுவர் முழுமையடைவதில்லை; கையில் மற்ற இருவருக்கும் அந்தப் பங்கு இல்லாததால் கை தப்பித்துவிடுகிறது.

மரபணுவைப் பற்றி இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. டிபிஎக்ஸ்5 எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுத் துண்டுகள் டிஎன்ஏ-யில் தனித்தனியாக இருக்கின்றன. கைக்கு ஒன்று, இதயத்துக்கு வேறு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இதயத்துக்கான கட்டுப்பாட்டுத் துண்டில் ஓர் எழுத்து மாறியிருந்த ஒரு நோயாளிக்குக் கைகளில் எந்தக் குறையும் இல்லாமல் இதயச் சுவரில் மட்டும் ஓட்டை இருந்தது தெரியவந்தது. மரபணுவே கெட்டால் கையும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படும், அதன் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டு மட்டும் கெட்டால் ஒன்று மட்டும் பாதிக்கப்படலாம்.

இந்தக் குறைபாட்டில் எல்லாமே அளவைப் பொறுத்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பிரதி செயலிழந்து, புரதம் பாதியளவாகக் குறைந்துவிடுகிறது. அந்தப் பாதி போதாமல் போகும்போது, கையில் முதலில் அடிபடுவது கட்டைவிரல் பக்கம்தான். லேசாக இருந்தால் கட்டைவிரல் மெலிந்திருக்கும், அல்லது இரண்டு எலும்புகளுக்குப் பதிலாக மூன்று எலும்புகளோடு மற்ற விரல்களைப் போல நீண்டிருக்கும். கடுமையாக இருந்தால் கட்டைவிரலே இருக்காது, முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆர எலும்பு குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும். மிகக் கடுமையானால் தோளிலிருந்தே கை சுருங்கிப்போயிருக்கும். இரண்டு கைகளும் ஒரே அளவில் பாதிக்கப்பட வேண்டும் என்பதில்லை. இடது கையில் குறை அதிகமாக இருப்பதே வழக்கம். அளவு கூடினாலும் ஆபத்துதான். மரபணுவின் கூடுதல் பிரதி இருப்பவர்களுக்கும், புரதத்தின் வேகத்தை மிகைப்படுத்தும் மாற்றம் உள்ளவர்களுக்கும் இதே போன்ற சிக்கல்கள் வருகின்றன. பின்னவர்களின் ஒரு குடும்பத்தில் கைக்குறை லேசாகவும், மேலறைத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு இளவயதிலேயே முனைப்பாகவும் இருந்தது.

இதிலிருந்து நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கையின் குறை எவ்வளவு கடுமையானது என்பதை வைத்து இதயத்தின் குறை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று கணிக்க முடியாது. கட்டைவிரல் சற்றே மெலிந்த குழந்தைக்குப் பெரிய ஓட்டை இருக்கலாம், கையே குட்டையான குழந்தைக்கு இதயம் சீராக இருக்கலாம். இந்தச் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் பிறவியிலேயே இதய அமைப்பில் குறை இருக்கிறது. மீதிப் பேருக்கும் மின்னோட்டக் கோளாறு பின்னால் வரலாம். ஆகவே விரலைப் பார்த்து ‘லேசாகத்தானே இருக்கிறது’ என்று எக்கோவைத் தள்ளிப்போடாத உங்கள் மருத்துவர் சரியானதையே செய்திருக்கிறார். நம் ஊரில் இதற்கு நேர்மாறான திசையில்தான் அதிகம் தவறவிடுகிறோம் என்பது என் எண்ணம். மேலறை ஓட்டையோடு வரும் குழந்தையின் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாததால் குடும்பம் முழுவதற்கும் தெரிய வேண்டிய விஷயம் தெரியாமல் போய்விடுகிறது.

அத்தை மகனைத் திருமணம் செய்துகொண்டதைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டும். ஹோல்ட்-ஓரம் சிண்ட்ரோம் ஓங்கு மரபுத்தன்மை கொண்டது. ஒரே ஒரு பிரதி மாறினாலே குறைபாடு வந்துவிடும். தாயும் தந்தையும் உறவினர்களா என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றமாகவே இது தோன்றுகிறது.

ஆனால் கையையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கும் வேறொரு நோயில் உறவுத் திருமணம் பெரிய காரணம். ரிச்சர்ட் எல்லிஸ், சைமன் வான் கிரெவெல்ட் என்ற இரு மருத்துவர்கள் 1940இல் விவரித்த எல்லிஸ்-வான் கிரெவெல்ட் சிண்ட்ரோம் ஒடுங்கு மரபுத்தன்மை கொண்டது. இரு பெற்றோரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் குழந்தை பாதிக்கப்படும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் ஆமிஷ் சமூகத்தில் அது அதிகமாகக் காணப்படுவதை விக்டர் மக்கியூசிக் 1964இல் எழுதினார். அந்தப் பாதிப்பின் வேர் 1744இல் அங்கே குடியேறிய ஒரே தம்பதி வரை போய்ச் சேர்ந்தது. அந்நோயில் குறை தெரிவது சுண்டுவிரல் பக்கம்: ஆறாவது விரல் இருக்கும், கை கால்கள் குட்டையாக இருக்கும், நகங்கள் வளர்ச்சி குன்றியிருக்கும்; பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயத்தில் குறை இருக்கும், பலருக்கு மேலறைகள் இரண்டும் இடைச்சுவரே இல்லாமல் ஒன்றாகக் கிடக்கும். அதற்குக் காரணமான ஈவிசி, ஈவிசி2 மரபணுக்கள் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண் இழைகளில் இயங்குகின்றன. கை, இதயம் இரண்டும் வளர்ச்சிச் சமிக்ஞைகளை அந்த இழைகள் வழியாகவே பெறுகின்றன. உங்கள் குழந்தைக்குக் குறை கட்டைவிரல் பக்கம் இருப்பதால் இந்த நோயை நான் நினைக்கவில்லை. இருந்தாலும் உறவுத் திருமணம் என்ற செய்தியை மரபியல் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைகளைத் தேர்ந்தெடுக்க அது அவருக்குத் தேவைப்படும்.

வெளிக் காரணத்தால் கையும் இதயமும் சேர்ந்து கெடுவது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரை, 1961இன் இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பாதித்தது. கருவுற்ற சுமார் 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாளுக்குள் அதை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் கைகள் குறைந்தும், பலர் இதயக் குறையோடும் பிறந்தார்கள். அந்த மருந்து செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, சால்4 என்ற இன்னொரு முக்கியப் புரதத்தைச் சிதைக்கச் செய்கிறது என்பது 2018இல் தெரியவந்தது. அதே சால்4 மரபணு பிறவியிலேயே மாறியிருப்பவர்களுக்கும் கட்டைவிரல் பக்கக் குறை வருகிறது, சிலருக்கு இதய ஓட்டையும் வருகிறது. கண்களைப் பக்கவாட்டில் திருப்புவதில் சிரமமும் பலருக்கு உண்டு. தாலிடோமைடு பாதிப்பு என்று முன்பு கருதப்பட்ட சிலருக்கு உண்மையில் சால்4 மாற்றமே இருந்தது என்று 2003இல் கண்டார்கள். மருந்தும் மரபணு மாற்றமும் ஒரே இடத்தில் போய் அடிப்பதால் விளைவும் ஒன்றுபோல் இருக்கிறது. தொழுநோயின் சில எதிர்விளைவுகளுக்கும் மைலோமா புற்றுநோய்க்கும் இந்த மருந்து இன்றும் தரப்படுவதால், கருவுறக்கூடிய பெண்களிடம் கட்டாயமாகக் கருத்தடை கேட்கப்படுகிறது.

உங்கள் குழந்தைக்கு அடுத்துச் செய்ய வேண்டியவற்றில் ஒன்று இரத்தப் பரிசோதனை. கட்டைவிரல், ஆர எலும்பு ஆகியவற்றில் குறை இருக்கும் குழந்தைகளில் எலும்பு மஜ்ஜை படிப்படியாகச் செயலிழக்கும் ஃபான்கோனி இரத்தசோகையையும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்து ஆர எலும்பு இல்லாமல் பிறக்கும் டார் சிண்ட்ரோமையும் விலக்கியாக வேண்டும். இரண்டாவதில் ஆர எலும்பு இல்லாவிட்டாலும் கட்டைவிரல் இருக்கும் என்பது நல்ல அடையாளம். முதுகெலும்பு, சிறுநீரகம், ஆசனவாய் ஆகியவற்றையும் ஒருமுறை பார்ப்பார்கள்.

அடுத்து உங்கள் இருவரின் கைகளையும் மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். வெளிப்பார்வைக்குக் கை முழுமையாக இருக்கும் ஒருவரின் மணிக்கட்டில், எட்டுச் சிற்றெலும்புகளில் இரண்டு ஒட்டிப்போயிருப்பதோ, ஒன்று கூடுதலாக இருப்பதோ, படகு வடிவ எலும்பு சிறுத்திருப்பதோதான் இந்த மரபணு மாற்றத்தின் ஒரே அறிகுறியாக இருக்கலாம். கூடவே இருவருக்கும் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுக்கலாம். குழந்தைக்கு டிபிஎக்ஸ்5 பரிசோதனையில் மாற்றம் உறுதியானால், அதே மாற்றம் உங்களில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 50 சதவீதம். இல்லாவிட்டால் மிகக் குறைவு, ஆனால் பெற்றோரின் விந்தணுக்கள் அல்லது கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் முழுப் பூஜ்யம் என்று சொல்வதில்லை. அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரங்களுக்குள் கைகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேனும் கருவின் இதய எக்கோவும் எடுக்க முடியும். ஆனால் மணிக்கட்டு அளவிலான லேசான குறை அந்த ஸ்கேனில் தெரியாது.

மேலறை ஓட்டை சிறியதானால் தானே மூடிக்கொள்ளக்கூடும். பெரிதானால் தொடையில் உள்ள சிரை (இரத்தக் குழாய்) வழியாகக் கருவி செலுத்தியோ அறுவை செய்தோ மூடுவார்கள். ஆனால் ஓட்டை மூடியதும் இதய மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். டிபிஎக்ஸ்5 சுவரை மட்டும் கட்டுவதில்லை, மின்னோட்டப் பாதைகளின் பராமரிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் துடிப்பு மெல்ல மெல்லக் குறைவதும், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே சமிக்ஞை தடைபடுவதும் வயதோடு கூடலாம். சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு ஈசிஜி போதுமா, உடலில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரத் துடிப்பையும் பதியும் ஹோல்டர் பதிவும் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கட்டைவிரல் பயன்படாத அளவுக்கு இருந்தால், சுட்டுவிரலைத் திருப்பிக் கட்டைவிரல் இடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. பிடிக்கும் பழக்கம் கையில் ஊறுவதற்குள் சிறு வயதிலேயே அதைச் செய்கிறார்கள். அந்த அறுவைக்கு மயக்க மருந்து தேவை என்பதால், கை அறுவை மருத்துவரிடம் போகும் முன் இதய மருத்துவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது எடுக்கும் ஈசிஜியின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னாளில் எடுப்பவற்றை அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.